அடுத்து எதைப் படிக்கலாம்?

நூலகப் பணியாளரிடம் வாசகர்கள் கேட்பவை இரண்டு வகை. "பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால் பட்டியலையோ அலமாரியையோ பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். "நல்லதா ஒரு புத்தகம் சொல்லுங்களேன்" என்று கேட்டால் அதற்கான பதில் எந்தப் பட்டியலிலும் கிடையாது. தமக்கு என்ன வேண்டும் என்பது கேட்டவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. நூலகவியல் படிப்பு முதல் வகைக் கேள்விக்குப் பணியாளரை நன்றாகத் தயார்செய்கிறது. நூல்களைப் பகுப்பது, பட்டியலிடுவது, தகவலைத் தேடி எடுப்பது எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. இரண்டாம் வகைக் கேள்வியோ பணியாளரின் சொந்த ஆர்வத்துக்கும் சுபாவத்துக்கும் விடப்பட்டுவிட்டது. நிறையப் படிக்கிற, மனிதர்களோடு பேசப் பிடிக்கிற நூலகர் வாய்த்த ஊர் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்ற ஊர்களில் கேட்டவர் அலமாரிப் பக்கம் கைகாட்டி அனுப்பப்படுகிறார். இதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், புத்தகம் பரிந்துரைப்பதையும் கற்றுத்தரக்கூடிய ஒரு தொழில்திறனாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பயிற்சிமுறைகளை வகுத்திருக்கின்றன அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் பொதுநூலகங்கள். வாசகர் ஆலோசனை என்பது அந்தப் பணிக்குப் பெயர்.

இந்தப் பணிக்கான அடிப்படையைச் சில சொற்களில் வரையறுத்துத் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்று திரும்பினார். 1931-இல் சென்னை நூலகச் சங்கம் அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' நூலை வெளியிட்டது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாம் விதி. இவ்விரண்டும் தாமாக நடந்துவிடுவதில்லை. வாசகரையும் தெரிந்து, நூலையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தாக வேண்டும். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே நூல்களைத் தொட்டுப் பார்த்து எடுக்க வழிசெய்த ரங்கநாதன், திறந்துவிட்டால் மட்டும் போதாது, அலமாரிகளுக்கு இடையே உதவக்கூடிய ஆளும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். நூலகப் பணியாளருக்கான பயிற்சி வகுப்பைச் சென்னையில் 1929-இலேயே தொடங்கியவரும் அவர்தான்.

நூலகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காவலராக இருக்கக் கூடாது, வாசகரோடு பேசிப் பழக வேண்டும் என்ற கருத்து அமெரிக்காவில் இன்னும் பழையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகர நூலகர் சாமுவேல் சுவெட் கிரீன் 1876-இல் பிலடெல்பியாவில் கூடிய நூலகர் மாநாட்டில் இதை வலியுறுத்தினார். அரை நூற்றாண்டு கழித்து, முதியோர் கல்வி இயக்கம் வேகம்பிடித்த 1920-களில், பெருநகர நூலகங்கள் 'வாசகர் ஆலோசகர்' என்றே தனிப் பதவி உண்டாக்கின. நியூயார்க் பொதுநூலகத்தில் ஜென்னி பிளெக்ஸ்னர் அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தினார். வருபவரைத் தனியே உட்காரவைத்து நெடுநேரம் பேசி, அவருடைய படிப்பு, தொழில், ஆர்வம் எல்லாம் கேட்டறிந்து, அவருக்கென்றே ஒரு வாசிப்புத் திட்டம் எழுதிக் கொடுப்பார்கள். அன்றைய நோக்கம் வாசகரை உயர்த்துவது. எளிய கதையில் தொடங்குபவரை ஒவ்வொரு படியாகக் கனமான நூல்களுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் அக்கறை இருந்தது. ஆனால் இன்பத்துக்காகப் படிப்பவரைக் கொஞ்சம் கீழே வைத்துப் பார்க்கும் பார்வையும் கூடவே இருந்தது. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் நடந்ததால் செலவும் அதிகம். 1940-களுக்குப் பிறகு அந்த மேசைகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின.

1980-களில் இந்தப் பணி திரும்பி வந்தபோது அதன் திசையே மாறியிருந்தது. துப்பறியும் கதை, காதல் கதை, அறிவியல் புனைவு போன்ற வகைகளை விரும்பிப் படிப்பவர்களுக்காக 1982-இல் பெட்டி ரோசன்பர்க் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். தன் வாசிப்பு ருசிக்காக யாரும் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது அவருடைய கொள்கை. இல்லினாய் மாநிலத்தில் டவுனர்ஸ் குரோவ் என்ற ஊரின் நூலகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் சாரிக்ஸ், சக நூலகர் நான்சி பிரவுனோடு சேர்ந்து 1989-இல் எழுதிய கையேடு, பரிந்துரைக்கும் திறனைப் பாடமாக்கித் தந்தது. வாசகரை எங்கேயும் ஏற்றிவிட வேண்டாம், அவர் எதை ரசித்தாரோ அந்த ரசனையைப் புரிந்துகொண்டு அதற்கு இசைந்த இன்னொரு நூலைக் கொடுத்தால் போதும் என்பது அதன் அணுகுமுறை. இன்று இந்தப் பயிற்சி நடக்கும் பல இடங்களில் சாரிக்ஸ் வகுத்த முறையின் சாயல் இருக்கும்.

அந்த முறையின் மையம் ஒரு எளிய உண்மை. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதும், அது ஏன் பிடித்தது என்பதும் வேறுவேறு. நூலகப் பட்டியலுக்கு முதலாவது மட்டுமே தெரியும். பொன்னியின் செல்வனைத் திருப்பித் தரும் வாசகர் "இதே மாதிரி இன்னொண்ணு" என்று கேட்டால், பட்டியல் பார்த்து வேலை செய்யும் பணியாளர் சோழர் காலத்து நாவல் ஒன்றைத் தேடி எடுப்பார். பாலகுமாரனின் 'உடையார்' கையில் வந்து சேரும். அது சரியான நூலாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். வந்தியத்தேவனின் துடுக்கும் அத்தியாய முடிவுகளில் வைக்கப்படும் முடிச்சும் பிடித்துப்போய்ப் படித்தவருக்கு, சாண்டில்யனின் 'கடல் புறா' இன்னும் நெருக்கமாக இருக்கும். அரியணையைச் சுற்றி நடக்கும் சூழ்ச்சிகளிலும் பழைய காலத்து வாழ்க்கை விவரங்களிலும் தோய்ந்தவர், மதுரையின் நெடிய வரலாற்றைச் சொல்லும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்துக்குத் தயாராக இருக்கக்கூடும். ஆனால் அதன் நடை கனமானது, நிதானமானது என்பதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய உலகத்துக்குள் பல நாள் வாழ்ந்துவிட்டு வந்த நிறைவுதான் அவருக்கு வேண்டும் என்றால், சோழ நாட்டையே விட்டுவிட்டு, கடற்கரை மீனவர் வாழ்வை மூன்று தலைமுறைக்கு விரிக்கும் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' பக்கம்கூடப் போகலாம். ஒரே நூலைத் திருப்பித் தந்த நான்கு பேர் நான்கு திசையில் போவார்கள்.

இந்த ஈர்ப்பை அடையாளம் காணப் பயிற்சியில் சில கூறுகளைச் சொல்லித் தருகிறார்கள். முதலில் வேகம். கதை விரைந்து ஓடுகிறதா, நின்று நிதானித்துப் போகிறதா? அடுத்து, மனிதர்கள். ஒருவருடைய மனத்துக்குள்ளேயே இருக்கிறோமா, ஊர் முழுக்க நடமாடுகிறோமா? கதையின் போக்கு, களமும் காலமும், நூல் முழுக்கப் பரவியிருக்கும் உணர்வு, மொழிநடை ஆகியவை மற்றவை. சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் இதையே இன்னும் சுருக்கி, ஒரு நூலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்றார். கதை, பாத்திரம், களம், மொழி என்பவை அவை. எல்லா நூலிலும் எல்லா வாசலும் இருக்கும், அளவுதான் மாறும். கதை வாசல் பெரிதாக உள்ள நூலைக் கையிலிருந்து கீழே வைக்க முடியாது. மொழி வாசல் பெரிதாக உள்ள நூலை வேகமாகப் படிக்கவே மனம் வராது. கதைக்காகப் படிப்பவரிடம் மொழிக்காகக் கொண்டாடப்படும் நூலைக் கொடுத்தால், மூன்றாம் நாள் அது திரும்பி வரும். கூடவே 'நமக்கெல்லாம் இலக்கியம் புரியாது' என்ற தாழ்வுணர்ச்சியும் அவருக்கு வந்துவிடும். தவறான பரிந்துரையால் விளையும் பெரிய கெடுதல் இதுதான். நூல் பிடிக்காமல் போனால் வாசகர்கள் நூலைக் குறை சொல்வதில்லை. தம்மையே குறை சொல்லிக்கொண்டு வாசிப்பிலிருந்து விலகிப்போகிறார்கள்.

நூலின் ஈர்ப்பை இனம்காண ஒரு நல்ல பயிற்சி உண்டு. பணியாளர்கள் தாங்கள் படித்த ஒரு நூலை, கதைச் சுருக்கத்தைச் சொல்லாமல், அரை நிமிடத்தில் விவரிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வது கடினம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றிப் பேசச் சொன்னால் பாபு, யமுனா என்று தொடங்கிக் கதைக்குள் போய்விடுவது பழக்கம். கும்பகோணத்துத் தெருக்களும் சங்கீதமும் நிறைந்த நாவல், அவசரமில்லாமல் நகரும், ஒரு இளைஞனின் தவிப்புக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகும், பேச்சு நேரில் கேட்பதுபோல் இருக்கும் என்று சொன்னால் அது பரிந்துரை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' என்றால், சிறிய நாவல், சொற்சிக்கனம், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், பெண்களின் அன்றாடம், சத்தமில்லாத சோகம் என்று சொல்லலாம். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள் என்றால், சரசரவென்று ஓடும் உரையாடல், நகரம், குறும்பு, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று போதும். இவ்வளவு கேட்டதுமே தமக்கானதா இல்லையா என்று வாசகர் தாமே தீர்மானித்துவிடுவார். பத்துப் பதினைந்து நூல்களுக்கு இப்படிச் சொல்லிப் பழகிய பணியாளர், பிறகு எந்த நூலைப் படித்தாலும் இந்தக் கண்ணோடுதான் படிப்பார்.

நூலைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. மறுபாதி வாசகரோடு பேசுவது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியராக இருந்த கேத்தரின் ஷெல்ட்ரிக் ராஸ், தம் மாணவர்களைப் பொதுநூலகங்களுக்கு வாசகர்களாக அனுப்பி, படிக்க நல்ல புத்தகம் கேட்கச் சொன்னார். நடந்ததை அவர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். பணியாளர் நிமிர்ந்து பார்க்காமல் கணினியில் தட்டத் தொடங்குவது, ஒரு அலமாரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது, தமக்குப் பிடித்ததையே எடுத்து நீட்டுவது ஆகியவை அடிக்கடி நேர்ந்த குறைகள். இவர்களில் யாரும் வேலையில் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது கேள்வியை. "எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால், பரீட்சையில் கேட்டதுபோல் வாசகர் திகைத்து நிற்பார், அல்லது "எதுவானாலும் சரி சார்" என்பார். "சமீபத்துல படிச்சதுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றால் பேச்சு தானாக வரும். அவர் சொல்லும் கதை முக்கியமில்லை. இடையில் விழும் சொற்களைத்தான் கவனிக்க வேண்டும். "விறுவிறுன்னு போச்சு" என்றால் ஒரு குறிப்பு. "அந்தப் பொண்ணை நெனச்சுத் தூக்கமே வரல" என்றால் வேறொன்று. "எங்க பாட்டி பேசுற மாதிரியே இருந்துச்சு" என்றவருக்குக் கி. ராஜநாராயணனின் நூல்கள் இருக்கும் அலமாரியைக் காட்டாமல் அனுப்பக் கூடாது. வேண்டாதது எது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சாவு வீட்டிலிருந்து மீண்டு வந்திருக்கும் ஒருவர் அழுகைக் கதை வேண்டாம் என்பார். கண் மங்கிய முதியவருக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பேருந்தில் படிப்பவருக்குக் கனத்த புத்தகம் ஆகாது. விடாமல் படிக்கும் வாசகர்களை நேர்கண்டு ராஸ் செய்த ஆய்வில், அடுத்த நூலைத் தேர்வதில் அப்போதைய மனநிலைக்கு முக்கியப் பங்கு இருப்பது தெரியவந்தது. வேலைச்சுமையும் கவலையும் அழுத்தும் நாளில் பழகிய, பாதுகாப்பான கதையைத் தேடுகிறவரே, மனம் இலேசான நாளில் புதிதாக ஒன்றைத் துணிந்து எடுப்பார். ஆகவே போன மாதம் அவர் எடுத்ததை மட்டும் வைத்து இன்றைக்குக் கொடுத்துவிட முடியாது. "இப்ப என்ன மாதிரிப் படிக்கணும்னு இருக்கு?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வேண்டும்.

எதையும் படித்து வெகுகாலம் ஆனவர், அல்லது படித்தே பழகாதவர் வந்தால் இந்தக் கேள்விகள் செல்லுபடியாகா. அவரிடம் பிடித்த திரைப்படத்தைக் கேட்கலாம், தொலைக்காட்சித் தொடரைக் கேட்கலாம், சின்ன வயதில் வார இதழில் படித்த தொடர்கதையைக் கேட்கலாம். 'அசுரன்' படத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசும் இளைஞரிடம், அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை'யைக் காட்டினால் அவர் வாங்கிப் பார்ப்பார். அது சிறியது, இறுக்கமானது, அவருக்குத் தெரிந்த கதை வேறு விதமாகச் சொல்லப்பட்டிருப்பதே அவரைப் பிடித்து நிறுத்தும்.

பேசி முடித்தபின் ஒரே நூலைக் கையில் திணிக்காமல், மூன்று நான்கு நூல்களை எடுத்துத் தருவது வழக்கம். வாசகரோடு எழுந்து அலமாரிக்கு நடந்து போவதும் பயிற்சியின் ஒரு பகுதி. நடக்கும்போது பேச்சு இயல்பாகிவிடுகிறது. கொடுக்கும் ஒவ்வொரு நூலுக்கும் காரணம் சொல்ல வேண்டும். எடுத்த நூல்களில் ஒன்று மற்றவற்றிலிருந்து சற்று விலகியதாக இருப்பது நல்லது. வாசகரின் ரசனையை அவருக்கே தெரியாமல் கொஞ்சம் அகலப்படுத்துவது அந்த ஒன்றுதான். கொடுத்துவிட்டு, பிடிக்காவிட்டால் முடிக்காமலேயே திருப்பித் தரலாம் என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார். ஐம்பது பக்கம் படித்துப் பார்ப்பது, அதற்குமேல் மனம் ஒட்டாவிட்டால் மூடிவிடுவது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் எண்ணிக்கையில் பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். எடுத்ததை முடிக்காமல் வைப்பது குற்றம் என்று பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லித் தந்துவிட்டது. அந்தப் பயத்தைப் போக்குவதும் நூலகரின் வேலை.

குழந்தைகள் விஷயம் தனிக் கவனம் கேட்கிறது. பெரும்பாலும் பேசுவது பெற்றோர். "பொது அறிவு வளர்ற மாதிரி ஒண்ணு குடுங்க சார்" என்று அப்பா கேட்கும்போது, பிள்ளையின் கண் படக்கதை அடுக்கின் மீது இருக்கும். பணியாளர் குனிந்து, "தம்பிக்கு என்ன பிடிக்கும்?" என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். அப்பா கேட்டது ஒன்று, பிள்ளை கேட்டது ஒன்று என்று இரண்டையும் கொடுத்தனுப்பினால் யாருக்கும் மனக்குறை இல்லை. முத்து காமிக்ஸிலும் வாண்டுமாமாவின் கதைகளிலும் தொடங்கிப் பெரிய வாசகர்களானவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வகுப்பை வைத்து நூலின் தரத்தைக் கணிப்பதும் சரிவராது. ஆறாம் வகுப்பில் ஒருத்தி பெரியவர்களின் நாவலைப் படிப்பாள், இன்னொருவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவனுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் கொடுப்பது அவமானம். படம் நிறைந்த, அவன் வயதுக்கேற்ற பொருளுள்ள, எளிய மொழியிலான நூலைத் தேடித்தான் கொடுக்க வேண்டும்.

எல்லா நூலையும் படித்திருக்க வேண்டுமே என்ற தயக்கம் பணியாளர்களுக்கு இயல்பாக வருகிறது. அது முடியாத காரியம், தேவையும் இல்லை. தாம் விரும்பும் வகையை விட்டுவிட்டு, தாம் தொடவே தொடாத வகைகளில் இருந்து புகழ்பெற்ற ஓரிரு ஆசிரியர்களை மட்டும் படித்துவைத்தால் போதும். தீவிர இலக்கியம் மட்டும் படிக்கும் நூலகர் ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படித்துப் பார்ப்பது இந்தப் பயிற்சியில் கட்டாயம். ஏளனத்தோடு படித்தால் பயனில்லை. எத்தனையோ வாசகர்கள் ஏன் அவர்களைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு படிக்க வேண்டும். இல்லினாயில் 1984-இல் தொடங்கிய வயதுவந்தோர் வாசிப்பு வட்டத்தில், அந்தப் பகுதி நூலகர்கள் ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அதன் முக்கிய நூல்களைப் பங்கிட்டுப் படித்து, கூடி விவாதித்துக் கற்கிறார்கள். படிக்க நேரமில்லாத நூலைப் பத்து நிமிடத்தில் அறிந்துகொள்ளவும் பழக்குகிறார்கள். அட்டையையும் பின்னட்டையையும் பார்த்து, முதல் அத்தியாயத்தைப் படித்து, நடுவில் இரண்டு மூன்று இடங்களில் சில பக்கங்களைப் புரட்டி, முடிவைப் பார்ப்பார்கள். உரையாடல் மிகுதியா, பத்திகள் நீளமா, யார் குரலில் சொல்லப்படுகிறது என்பதெல்லாம் அதிலேயே பிடிபட்டுவிடும். படிக்காத நூலைப் படித்ததுபோல் பேசுவது மட்டும் கூடாது. "நான் இன்னும் படிக்கல, ஆனா இதை எடுத்துட்டுப் போனவங்க ரொம்ப ரசிச்சாங்க" என்ற நேர்மையான வார்த்தைக்கு வாசகரிடம் மதிப்பு உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கலை முற்றிலும் புதிதும் அல்ல. தெருவுக்குத் தெரு இருந்த வாடகை நூல் நிலையங்களில், இதழ்களிலிருந்து கிழித்து பைண்ட் செய்த தொடர்கதைகளை வாடகைக்கு விட்ட கடைக்காரர், எந்த வீட்டுக்கு எந்த எழுத்தாளர் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். வாசகர் திரும்ப வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்பு அவருக்குக் கேட்கவும் கவனிக்கவும் கற்றுக்கொடுத்தது. பொதுநூலகப் பணியாளருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை, ஆகவே பயிற்சி வேண்டியிருக்கிறது.

அச்சுப் பட்டியல்களும் கணினித் தரவுகளும் ஓரளவு கைகொடுக்கின்றன. 1990-களில் டங்கன் ஸ்மித் வட கரோலினாவில் தொடங்கிய 'நாவலிஸ்ட்' என்ற தரவுத்தளம், ஒரு நாவலின் பெயரைக் கொடுத்தால் அதை ஒத்த மற்றவற்றைக் காரணத்தோடு காட்டும். பிரிட்டனில் ரேச்சல் வான் ரீல் நடத்திய 'ஓப்பனிங் த புக்' அமைப்பு, நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்ததோடு, மகிழ்ச்சியா சோகமா, எளிதா சவாலானதா என்று வாசகர் தம் மனநிலையைச் சொல்லி நூல் தேடும் இணையத்தளத்தையும் உருவாக்கியது. தமிழ் நூல்களுக்கும் இப்படி ஒன்று தேவை. ஒரு மாவட்டத்தின் நூலகர்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்து நூல் என்று எழுதத் தொடங்கினாலே அதற்கு வித்து விழுந்துவிடும்.

வாயைத் திறந்து கேட்காத வாசகர்களே அதிகம் என்பதால், பேசாமல் பரிந்துரைக்கும் வழிகளும் பாடத்தில் உண்டு. முதுகைக் காட்டி நிற்கும் நூல்களுக்கு நடுவே சிலவற்றை அட்டை தெரியும்படி நிறுத்துவது ஒரு வழி. திருப்பி வந்த நூல்களை உடனே அலமாரியில் அடுக்கிவிடாமல் ஒரு மேசையில் பரப்பிவைத்தால் வாசகர்கள் அங்கேதான் மொய்ப்பார்கள், இன்னொருவர் படித்த நூல் என்பதே ஒரு சிபாரிசு. போட்டித் தேர்வுக்காக நாள் முழுக்க நூலகத்தில் இருக்கும் இளைஞர்களின் பகுதிக்கு அருகே சிறுகதைத் தொகுப்புகள் சிலவற்றை வைத்துப் பார்க்கலாம். இடைவேளையில் ஒரு கதை படிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம் இருக்கும். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் வட்டார நூலகம், நேரில் பேசத் தயங்குவோருக்காக ஒரு படிவம் வைத்தது. பிடித்தவை, பிடிக்காதவை, ஏன் என்பதை வாசகர் எழுதிக் கொடுத்தால், பணியாளர் நிதானமாக யோசித்து, காரணங்களோடு ஒரு பட்டியல் அனுப்புவார். புதிதாகச் சேர்ந்த பணியாளருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அவசரமில்லை, மூத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவும் முடியும்.

பயிற்சி யார் யாருக்கு என்பதில் ஒரு தவறு நடக்கக்கூடும். பட்டம் பெற்ற நூலகர்களை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிடுவது அது. வாசகருக்குப் பதவி தெரியாது. அலமாரியில் நூல் அடுக்கிக்கொண்டிருக்கும் உதவியாளரிடம்தான் அவர் கேட்பார், ஏனென்றால் உதவியாளர்தான் பக்கத்தில் நிற்கிறார். ஆகவே எல்லாப் பணியாளரும் பயிற்சியில் இருக்க வேண்டும். இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் வாசகராகவும் மற்றவர் நூலகராகவும் பேசிப் பார்ப்பது, மாதக் கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒரு நூலைப் பற்றிச் சொல்வது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. ஒரு நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைவிட, வாரம் ஒரு மணி நேரம் என்று ஓர் ஆண்டு செய்வது பலன் தரும். கேட்கும் பழக்கம் மெதுவாகத்தான் படிகிறது.

இரகசியம் காப்பதும் பயிற்சியில் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. யார் எதைப் படித்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் மட்டும் உரியது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சிறிய ஊரில் இது இன்னும் முக்கியம். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலை ஒரு பெண் எடுத்தாலோ, மனச்சோர்வு பற்றி ஒரு இளைஞர் தேடினாலோ, அந்தத் தலைப்பை உரக்கச் சொல்வதும் தெருவில் பேசுவதும் அவர்களை நிரந்தரமாக நூலகத்திலிருந்து துரத்திவிடும்.

ஒரே ஒருவர் பணிபுரியும் ஊர்ப்புற நூலகத்தில் இத்தனையும் நடக்குமா என்றால், ஓரளவு நடக்கும். நூலகத்தைச் சேர்ந்த வாசகர் வட்டம் அங்கே சக பணியாளரின் இடத்தை நிரப்பலாம். வட்டத்து உறுப்பினர்கள் படித்த நூல்களைப் பற்றிச் சொல்வதைக் குறித்துக்கொண்டே வந்தால், ஒருவரே படிக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு தெரிந்துவிடும். அதற்கு ஒரு தடித்த நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு நூல், அதன் வேகம், உணர்வு, மொழி, யாருக்குப் பிடிக்கும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான்கு வரி, அதை ரசித்தவருக்கு அடுத்துத் தரக்கூடிய இரண்டு நூல்களின் பெயர். வாசகர்களின் பெயர் எதுவும் அதில் இடம்பெறக் கூடாது. நூலகருக்குப் பணிமாற்றம் வரும்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடுவதுதான் இதுவரை நடந்துவருகிறது. சாவியையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைக்கும்போது அந்த நோட்டையும் சேர்த்து ஒப்படைத்தால், புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே வாசகர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடலாம்.